கீமோ நடக்கும்போது சித்த மருந்து, யோகா, அக்குபிரஷர்: எதை, எப்போது, யாரிடம் கேட்டுச் சேர்ப்பது

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் முதல் வாரம் ஆப்பிளும் மாதுளையும் வரும். இரண்டாவது வாரம் மருந்து வரத் தொடங்கும். பெரியப்பா சீந்தில் பொடி வாங்கி வருவார். பக்கத்து வீட்டு அக்கா முள்சீத்தா இலையைப் பறித்துக் கொடுத்தனுப்புவார். கோதுமைப்புல் சாறு வீடியோ வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப வரும். எல்லாருக்கும் நல்ல மனசுதான், யாரையும் கோபித்துக்கொள்ள முடியாது. ஆனால் கீமோ ஏறிக்கொண்டிருக்கும் உடம்புக்குள் இவற்றில் எது போகலாம், எது கூடாது என்று பொறுமையாகச் சொல்ல ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். புற்றுநோய் டாக்டர் "எதுவும் வேண்டாம்" என்று ஒரே வரியில் முடிப்பார். வைத்தியர் "எல்லாம் கொடுக்கலாம்" என்பார்.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுச் சிகிச்சை நடந்தபோது இந்த இரண்டு பதிலுக்கும் நடுவில் அலைந்து சேகரித்ததை வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டில், அதிலும் சென்னையில், சிகிச்சை எடுப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. நான் டாக்டர் இல்லை. எந்த மருந்துக்கும் அளவு இங்கே இருக்காது.

படிகளுக்குப் போவதற்கு முன் ஒரு கணக்கு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2018-ல் இரண்டு ஆய்வுகளை வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்களுக்கு இறப்பு அபாயம் சுமார் 2.5 மடங்கு என்றது ஒன்று. மார்பகப் புற்றில் அது 5 மடங்கையும் தாண்டியது. இரண்டாவது ஆய்வு நம்மைப் போன்றவர்களைப் பற்றியது. வழக்கமான சிகிச்சையோடு வேறு வைத்தியத்தையும் சேர்த்துக்கொண்டவர்களுக்கும் அபாயம் 2 மடங்கு இருந்தது. காரணம், அவர்களில் பலர் வழக்கமான சிகிச்சையில் ஏதாவது ஒரு பகுதியை மறுத்திருந்தார்கள். கீமோவை மறுத்தவர்கள் அந்தக் கூட்டத்தில் சுமார் 34 சதவீதம், மற்றவர்களில் சுமார் 3 சதவீதம். ஆகவே கீழே இருக்கும் எதைச் சேர்த்தாலும் சரி, கீமோ தேதி ஒன்றுகூடத் தள்ளிப்போகக் கூடாது என்பதை வீட்டில் எல்லாரும் ஒப்புக்கொண்ட பிறகு முதல் படிக்குப் போங்கள்.

1. ஒரு ஃபைல், ஒரு நோட்டு

எந்த டாக்டரிடம் போனாலும், எந்த வைத்தியரிடம் போனாலும் இதே ஃபைல்தான் போக வேண்டும். ஒரிஜினல் வீட்டில் இருக்கட்டும், இரண்டு செட் ஜெராக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், போனிலும் படம் எடுத்துவையுங்கள். உள்ளே இருக்க வேண்டியவை:

- பயாப்சி ரிப்போர்ட். மார்பகப் புற்று என்றால் எந்த வகைப் புற்று என்று காட்டும் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 முடிவுகளும்.
- ஸ்கேன் ரிப்போர்ட். பெரிய படங்களைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், எழுத்து ரிப்போர்ட் போதும்.
- கீமோ திட்டம்: மருந்துகளின் பெயர், மொத்தம் எத்தனை சைக்கிள் (சுற்று), எத்தனை நாளுக்கு ஒருமுறை.
- கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை. ரத்த அணுக்களுக்கான சிபிசி, கல்லீரலுக்கான எல்எஃப்டி, கிட்னிக்கான கிரியாட்டினின் மூன்றும்.
- சர்க்கரை, பிரஷர், தைராய்டு, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பது என்று ஏற்கெனவே போடும் எல்லா மாத்திரைகளின் சீட்டு.

கீமோ திட்டம் டிஸ்சார்ஜ் சம்மரியில் பெரும்பாலும் சுருக்கெழுத்தாகத்தான் இருக்கும். "ஏசி-டி" என்று போட்டிருந்தால் டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு, பிறகு பக்லிடாக்சல் அல்லது டோசிடாக்சல் என்று அர்த்தம். கீமோ ஏற்றும் டே கேர் பிரிவு நர்ஸிடம் கேட்டு முழுப்பெயரை எழுதி வாங்குங்கள். பிற்பாடு "இந்த மூலிகை ஒத்துக்கொள்ளுமா" என்ற கேள்விக்குப் பதில் முழுக்க அந்தப் பெயர்களைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

நோட்டு தனி. வாய் வழியாக உள்ளே போகும் எல்லாம் அதில் ஏறணும்: பெயர், கம்பெனி, எவ்வளவு, எந்த வேளை, யார் கொடுத்தது, எதற்காக, தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி. நாட்டு மருந்துக் கடைப் பொட்டலம், கஷாயம், ஹோமியோபதி உருண்டை, புரோட்டீன் பவுடர், கிரீன் டீ, சத்து மாத்திரை எல்லாம் இதில் சேர்த்தி. "பெரியம்மா கொடுத்தது, பச்சை மூடி டப்பா, பெயர் இல்லை" என்று எழுதினாலும் பரவாயில்லை. எழுதாமல் விடக் கூடாது.

இதில் ஒரு சிக்கல் வரும். நோயாளிகள் மறைப்பார்கள். டாக்டர் திட்டுவார், பிள்ளைகள் சத்தம் போடுவார்கள் என்ற பயம். அம்மாவின் தலையணை உறைக்குள்ளிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்திருக்கிறேன். ஊர் வைத்தியர் கொடுத்த பொடி, தங்கை முறை உறவுக்காரர் பஸ்ஸில் கொண்டுவந்து சேர்த்தது. அந்த நேரத்தில் கத்தினால் அடுத்த பொட்டலம் இன்னும் நல்ல இடத்துக்குப் போய்விடும். "சரிம்மா, டாக்டர்கிட்ட காட்டிட்டுச் சாப்பிடலாம்" என்று வாங்கி, நோட்டில் ஏற்றிவிடுவதே மேல்.

2. எந்தத் தொல்லைக்கு என்று ஒரு வரி எழுதுங்கள்

"எதிர்ப்பு சக்திக்கு", "உடம்பைச் சுத்தம் செய்ய" என்பதெல்லாம் காரணமே ஆகாது. குமட்டல், தூக்கமின்மை, அசதி, மூட்டுவலி, பயம் என்று ஒரு குறிப்பிட்ட தொல்லை இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு வாரம் கழித்துப் பலன் இருக்கிறதா என்று பார்க்க முடியும். "கட்டியைக் கரைக்க" என்று யாராவது எழுதச் சொன்னால் அந்த வரியை அங்கேயே அடித்துவிடுங்கள். அது கீமோ, கதிர்வீச்சு, அறுவையின் வேலை.

ஓரளவு நல்ல ஆதாரம் இருப்பவை வாய்க்குள் போகாதவைதான். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கமும் ஒருங்கிணைந்த புற்றுநோயியல் சங்கமும் சேர்ந்து 2022 முதல் வழிகாட்டுதல்கள் வெளியிட்டுவருகின்றன. பயம், மனச்சோர்வுக்கு மனத்தை ஒருமுகப்படுத்தும் தியானப் பயிற்சிகளும் யோகாவும் அதில் வருகின்றன. ஹார்மோனைத் தடுக்கும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகளால் வரும் மூட்டுவலிக்கு அக்குபங்சர் வருகிறது. அசதிக்கு உடற்பயிற்சியைச் சொல்கிறார்கள். கேட்க வினோதமாக இருக்கும், எழுந்து நிற்கவே முடியாதவரை நடக்கச் சொல்வதா என்று. ஆனால் வாரத்துக்கு மூன்று நாள், அரை மணி நேரம், மூச்சு வாங்காத அளவு நடை என்பது கீமோ அசதிக்கு மாத்திரையைவிட நன்றாக வேலை செய்கிறது. மொட்டை மாடியில் பத்து நிமிடத்தில் தொடங்கினாலும் போதும்.

குமட்டலுக்கு அக்குபிரஷர் செலவில்லாதது. உள்ளங்கை மேலே இருக்கும்படி கையை நீட்டி, மணிக்கட்டு மடிப்புக்குக் கீழே முழங்கைப் பக்கமாக நோயாளியின் மூன்று விரலை வைத்தால், அதற்கு அடுத்தாற்போல் இரண்டு தசைநார்க் கயிறுகளுக்கு நடுவில் ஒரு பள்ளம் தட்டுப்படும். அங்கே கட்டைவிரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திவிட வேண்டும். வாந்தி மாத்திரையோடு சேர்த்துத்தான் இது, மாத்திரையை விட்டுவிட்டு இல்லை. அக்குள் நிணநீர்க் கட்டிகளை எடுத்த பக்கத்துக் கையில் செய்யாமல் மறு கையில் செய்யுங்கள்.

யோகாவில் மென்மையான அசைவும் மெதுவான மூச்சும் போதும். எலும்புக்குப் பரவியிருந்தால் முன்குனிதல், முறுக்குதல், தலைகீழ் ஆசனம் கிடையாது. வயிற்றில் அறுவை நடந்திருந்தால் கபாலபாதி கிடையாது. ஆசிரியரிடம் முதல் நாளே ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். "எங்களுக்கு ரிப்போர்ட் எதுக்கு" என்று கேட்கும் ஆசிரியர் வேண்டாம்.

3. புற்றுநோய் டாக்டரிடம் கேட்கும் முறை

"சித்தா எடுக்கலாமா டாக்டர்?" என்று கேட்டால் "வேண்டாம்" என்றுதான் வரும். அவர் மேல் தப்பில்லை. என்ன மருந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் யார் சரி என்பார்கள்? நேரமும் முக்கியம். கீமோ ஏறும் நாளன்று கேட்காதீர்கள், அன்று அவருக்குத் தலைக்கு மேல் வேலை. சைக்கிளுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையைக் காட்டப் போகும் ஓபி நாள்தான் சரி.

கையில் டப்பாவும் நோட்டும் இருக்கட்டும். கேள்வி இப்படி இருக்கட்டும்: "இந்த மருந்தில் இந்த மூலிகைகள் இருக்கின்றன. குமட்டலுக்காகக் கொடுத்தார்கள். பக்லிடாக்சல் போகும்போது கல்லீரலுக்கு இதனால் சிக்கல் வருமா? ரத்தத் தட்டணுவைக் குறைக்குமா? எத்தனை நாள் இடைவெளி விட வேண்டும்?" பதிலை ஓபி சீட்டிலேயே ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அந்த மருந்து வேண்டாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய மருத்துவமனைகளில் கிளினிக்கல் பார்மசிஸ்ட், டயட்டீஷியன் இருப்பார்கள். மருந்துக்கும் மருந்துக்கும் ஒத்துவருமா என்று பார்ப்பதே பார்மசிஸ்ட்டின் தொழில். டாக்டரிடம் ஐந்து நிமிடம் கிடைத்தால் இவர்களிடம் இருபது நிமிடம் கிடைக்கும். கேட்பார் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்கள் டாக்டர் அம்மாவிடம் சொன்னது இது: "நல்லா நடங்கம்மா, மூச்சுப்பயிற்சி பண்ணுங்க, கோயிலுக்குப் போங்க. வாய்க்குள்ள போறதை மட்டும் என்கிட்ட காட்டிட்டுப் போடுங்க." இந்தக் கட்டுரையில் எதையும் படிக்க நேரமில்லை என்றால் இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளலாம்.

4. சித்த மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது

அரசு இடங்களில் தொடங்குங்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை. அந்த வளாகத்திலேயே அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியும் உண்டு. தெற்கே பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி. மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. ஆதாரும் ஃபைலும் போதும். காலையிலேயே போனால் வரிசை குறைவு.

தனியாரிடம் போவதென்றால் பெயர்ப் பலகையில் பி.எஸ்.எம்.எஸ். அல்லது எம்.டி. சித்தா பட்டமும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இயற்கை மருத்துவம் என்றால் பி.என்.ஒய்.எஸ். பட்டம். பரம்பரை வைத்தியர்களில் விஷயம் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் கீமோ ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரியாதவரிடம் இந்த நேரத்தில் போவது சரிப்படாது என்பது என் முடிவு.

நல்ல சித்த மருத்துவரை அடையாளம் காண்பது சுலபம். முதலில் உங்கள் ஃபைலைக் கேட்பார். கீமோ தேதியைக் கேட்பார். எல்எஃப்டி எப்போது எடுத்தீர்கள் என்பார். மருந்தின் பெயரைச் சீட்டில் படிக்கும்படி எழுதித் தருவார். சில நேரம் "இப்போது எதுவும் வேண்டாம், கீமோ முடிந்து வாருங்கள்" என்று திருப்பி அனுப்புவார். அப்படி அனுப்பியவரைத்தான் நாங்கள் பிறகு நம்பிப் போனோம்.

எழுந்து வந்துவிட வேண்டிய இடங்கள்:

- "இங்கிலீஷ் மருந்தை நிறுத்தினால்தான் இது வேலை செய்யும்."
- "பயாப்சி எடுத்தீங்களா? கத்தி பட்டா பரவிடுமே." (பரவாது.)
- ரிப்போர்ட்டைத் தொடாமல் நாடி மட்டும் பிடித்து மருந்து கொடுப்பது.
- மருந்தின் பெயரைச் சொல்ல மறுப்பது, "குடும்ப ரகசியம்" என்பது.
- மூன்று மாதத்துக்கான முழுப் பணத்தையும் முதலிலேயே ரொக்கமாகக் கேட்பது.
- 100 சதவீதம் குணம் என்ற பலகை, யூடியூப் வீடியோ. புற்றுநோயைக் குணப்படுத்தும் மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய மருந்துகள் சட்டப்படி குற்றம். சட்டத்துக்குப் பயப்படாதவர் உங்கள் கல்லீரலுக்காகவா பயப்படப் போகிறார்?

5. டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்

தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, சேர்மானங்களின் பட்டியல், கம்பெனி முகவரி. இவற்றில் ஒன்று குறைந்தாலும் வாங்காதீர்கள். "மருத்துவ மேற்பார்வையில் மட்டும் உட்கொள்ளவும்" என்ற எச்சரிக்கை இருந்தால் உள்ளே நச்சுப் பட்டியலில் வரும் சரக்கு ஏதோ இருக்கிறது என்று பொருள். சேராங்கொட்டை அந்தப் பட்டியலில் உள்ளது. புற்றுக்கு என்று ஊரெல்லாம் பரிந்துரைக்கப்படுவது, தோலில் பட்டாலே கொப்புளம் போடக்கூடியது.

ரசம், கந்தகம், பாஷாணம், பற்பம், செந்தூரம் என்று உலோகம், தாது சேர்ந்தவற்றின் பெயர்கள் வந்தால் கீமோ முடியும்வரை தள்ளிவையுங்கள். முறைப்படி சுத்தி (நச்சு நீக்கம்) செய்தால் கெடுதல் இல்லை என்பார்கள். முறைப்படி செய்தார்களா என்பதை நீங்களும் நானும் எப்படிப் பார்ப்பது? அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004-ல் வெளியிட்ட முடிவில், 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஒன்றாவது இருந்தது. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து போகும் நோயாளியின் கிட்னி ஏற்கெனவே சிரமத்தில் இருக்கும். அதன்மேல் இன்னொரு பாரம் ஏற்ற வேண்டாம்.

பெயரில்லாத பொடி சாப்பிட்டதும் இரண்டே நாளில் பசி பிரமாதமாக எடுத்து, வலி குறைந்து, முகம் கொஞ்சம் உப்பினால் சந்தோஷப்படாதீர்கள். ஸ்டீராய்டு கலப்படமாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிக்கு அது தனி ஆபத்து. திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து, அதனால் டாக்டரிடம் சொல்லிவிட்டே நிறுத்துங்கள்.

6. வீட்டுக்கு அதிகம் வருபவை, அவற்றின் மறுபக்கம்

மஞ்சள். குழம்பில் போடுவது போடலாம். கேப்சூல் வேறு விஷயம். அதில் மஞ்சளின் சாரமான குர்குமின் பல மடங்கு செறிவாக இருக்கும், உடம்பில் நன்றாக ஏறுவதற்காக மிளகின் பைப்பரினும் சேர்த்திருப்பார்கள். மார்பகப் புற்றுக்கான ஹார்மோன் மாத்திரை டமாக்சிஃபென் எடுக்கும் பெண்களிடம் 2019-ல் வெளியான டச்சு ஆய்வில், குர்குமின் சேர்ந்தபோது ரத்தத்தில் டமாக்சிஃபெனின் வேலை செய்யும் வடிவத்தின் அளவு குறைந்தது. பைப்பரினும் சேர்ந்தபோது இன்னும் குறைந்தது.

சீந்தில், அமுக்கரா (அஸ்வகந்தா). இரண்டுமே சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கின்றன. கொரோனா காலத்தில் சீந்திலை அள்ளிச் சாப்பிட்டுக் கல்லீரல் வீங்கி வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்களே எழுதினார்கள். கீமோ மருந்துகள் பலவற்றைக் கழிக்கும் வேலையும் அதே கல்லீரலுக்குத்தான்.

முள்சீத்தா. இலைக் கஷாயம், கேப்சூல் இரண்டும் வேண்டாம். அதிலுள்ள அனோனாசின் நரம்பைக் கெடுக்கக் கூடியது. பக்லிடாக்சலால் ஏற்கெனவே கைகால் மரத்துப்போயிருப்பவருக்கு இது எதற்கு?

"வைட்டமின் பி17" என்று வரும் ஏப்ரிகாட் விதை. அது வைட்டமினே கிடையாது. வயிற்றுக்குள் போய் சயனைடாக மாறும்.

பப்பாளி இலைச் சாறு, கோதுமைப்புல், பச்சைக் காய்கறி ஜூஸ். வெள்ளையணு குறைந்திருக்கும் நாட்களில் கொதிக்க வைக்காத எதுவும் கிருமிக்கு வாசல். தட்டணு இறங்கினால் அதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

கிரீன் டீ. மைலோமா என்ற ரத்தப் புற்றுக்குப் போடும் போர்ட்டசோமிப் மருந்தோடு கிரீன் டீ சாரம் மோதி, மருந்தின் வேலையைத் தடுப்பது 2009-லேயே ஆய்வுக்கூடச் சோதனையில் தெரிந்தது. அந்த ஊசி போடுபவர்கள் கிரீன் டீயைத் தொடவே வேண்டாம்.

பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட். மாத்திரை வடிவப் புற்று மருந்துகள் பலவற்றின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். மாத்திரை டப்பாவின் தாளில் கிரேப்ஃப்ரூட் தவிர்க்கவும் என்று இருந்தால் பம்பளிமாஸுக்கும் அதே விதி.

சத்து மாத்திரை. கேபசிட்டபின் என்ற கீமோ மாத்திரை எடுப்பவர் ஃபோலிக் ஆசிட் உள்ள சத்து மாத்திரையைத் தானாகப் போட்டால் வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் கடுமையாகும். மெடிக்கல் ஷாப்பில் சும்மா கேட்டு வாங்கும் மல்டிவைட்டமினில் ஃபோலிக் ஆசிட் அனேகமாக இருக்கும்.

7. பத்தியம் பற்றித் தனியாக

இதுதான் எங்களை அதிகம் படுத்தியது. பொடியைக்கூட நோட்டில் ஏற்றி, டாக்டரிடம் காட்டி முடித்துவிடலாம். பத்தியத்தை யாரும் மருந்தாக நினைப்பதில்லை, அதனால் டாக்டரிடம் சொல்வதும் இல்லை. முட்டை கூடாது, மீன் கூடாது, பால் கூடாது, புளி கூடாது, கிழங்கு கூடாது, பருப்பு வாய்வு, சர்க்கரை சாப்பிட்டால் புற்று வளரும். எல்லாவற்றையும் கழித்தால் தட்டில் கஞ்சியும் சுட்ட அப்பளமும்தான் மிச்சம்.

கீமோவில் இருப்பவருக்குப் புரதம் ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு ஒரு கிராமுக்குக் குறையக் கூடாது, முடிந்தால் ஒன்றரை கிராம்வரை போகலாம் என்பது ஊட்டச்சத்து வழிகாட்டுதல். 50 கிலோ அம்மாவுக்கு 50 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது. கஞ்சியில் எவ்வளவு வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எடை இறங்கினால் கீமோ அளவைக் குறைப்பார்கள் அல்லது தேதியைத் தள்ளுவார்கள். அசல் நஷ்டம் அங்கேதான் வருகிறது.

ஆகவே எந்தப் பத்தியத்தையும் டயட்டீஷியனிடம் காட்டாமல் தொடங்காதீர்கள். வாரம் ஒருமுறை, ஒரே எடைமெஷினில், காலை வெறும் வயிற்றில் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். வேக வைத்த முட்டை, இட்லிக்குக் கூடுதல் சாம்பார், பொட்டுக்கடலைச் சட்னி, மீன் குழம்பு, சுண்டல், மோர் என்று வாய்க்குப் பிடித்த வழியில் புரதம் போகட்டும். வீட்டுப் பெரியவர்கள் பத்தியத்தை விடமாட்டேன் என்றால், டாக்டர் கையாலேயே "முட்டை தினமும்" என்று சீட்டில் எழுதி வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் சித்தியின் வாயை அடைத்தது அந்தச் சீட்டுத்தான்.

8. தேதிக் கணக்கு

காலண்டரில் கீமோ தேதிகளைச் சிவப்பில் வட்டமிடுங்கள். மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

கீமோவுக்கு முன்னும் பின்னும் சில நாட்கள் மூலிகை எதுவும் வேண்டாம். எத்தனை நாள் என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும், மருந்துக்கு மருந்து மாறும். பல கீமோக்களில் ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாளுக்குள் வெள்ளையணு அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நாட்களில் அக்குபங்சர் ஊசி, அழுத்தி விடும் மசாஜ், எனிமா, கூட்டமான யோகா வகுப்பு எல்லாம் நிறுத்தம். தட்டணு குறைந்திருந்தாலும், காலில் ரத்தக்கட்டி இருந்தாலும், எலும்பில் பரவியிருந்தாலும் மசாஜ், வர்மம் எந்த நாளிலும் கூடாது. கட்டி இருக்கும் இடத்தில் எப்போதுமே கூடாது.

ஆக்சாலிபிளாட்டின் போட்டவருக்குச் சூடு தணிக்கிறேன் என்று குளிர்ந்த இளநீரும் நுங்கும் கொடுப்பார்கள். குளிர்ச்சி பட்டாலே தொண்டை இறுகி, விரல் மின்சாரம் பட்டதுபோல் ஆகும் மருந்து அது. சில நாட்கள் எல்லாம் வெதுவெதுப்பாகவே போகட்டும்.

அறுவைக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே மூலிகை மருந்து, மீன் எண்ணெய், பூண்டு கேப்சூல் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். ரத்தம் உறைவதில் கைவைப்பவை சில, மயக்க மருந்தோடு மோதுபவை சில. மயக்க டாக்டர் கேட்கும்போது நோட்டையே நீட்டுங்கள்.

கதிர்வீச்சுக்கு உடம்பில் மையில் கோடு போட்டு அனுப்புவார்கள். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் போனால் பாதிக் கோடு போயிருக்கும். பிறகு மீண்டும் அளந்து போட வேண்டும், அன்றைய வரிசையும் போச்சு. எண்ணெய்க் குளியல், அந்த இடத்தில் மஞ்சள், சந்தனம், கற்றாழை எதுவும் அவர்களைக் கேட்காமல் வேண்டாம்.

புதிதாக எதைச் சேர்த்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். மூன்றை ஒன்றாகத் தொடங்கி அரிப்பு வந்தால் எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் எல்எஃப்டியும் கிரியாட்டினினும் பார்த்துவிடுங்கள். கீமோவுக்காக எடுக்கும் ரத்தத்திலேயே சேர்த்துப் பார்க்கச் சொன்னால் தனியாக ஊசி குத்த வேண்டியதில்லை.

9. பணம்

முதலில் கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் பணத்தை ஒதுக்கி வையுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்று கைக்கு வர நாளாகும் என்பதால் பயாப்சி முடிவு வந்த அன்றே விண்ணப்பித்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் 104 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

அரசு சித்தப் பிரிவுகளில் செலவு பெயரளவுக்குத்தான். தனியார் காப்பீடு இருந்தால், 2024 ஏப்ரல் முதல் ஆயுஷ் (சித்தா, ஆயுர்வேதம், யோகா போன்றவை) சிகிச்சையையும் மற்ற சிகிச்சைக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொல்லியிருக்கிறது. ஆனால் அது பொதுவாகப் படுக்கை நோயாளியாகச் சேர்ந்தால்தான். வெளியிலிருந்து வாங்கும் லேகியத்துக்கும் யோகா வகுப்புக்கும் பில் கொடுத்துப் பயனில்லை. பாலிசிக் கம்பெனிக்கு மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்கிய பிறகே சேருங்கள்.

நடையும் மூச்சும் அக்குபிரஷரும் இலவசம். மாதம் பல ஆயிரம் ரூபாய்க்குச் சத்துப் பவுடர் விற்க வரும் உறவினரிடம் டயட்டீஷியனின் சீட்டைக் காட்டி அனுப்பிவிடலாம்.

10. கஷாயம் வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாத நேரங்கள்

தெர்மாமீட்டரில் 100.4 டிகிரி பாரன்ஹீட் காட்டினால் நேரே ஆஸ்பத்திரி, நடுராத்திரியாக இருந்தாலும். நிலவேம்பு இல்லை, டோலோவும் இல்லை. கீமோவில் இருப்பவரின் காய்ச்சலுக்கு ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. அதேபோல் கண் மஞ்சளாவது, சிறுநீர் கருஞ்சிவப்பாவது, ஈறிலோ மலத்திலோ ரத்தம், நிற்காத வாந்தி, திடீர் மூச்சுத்திணறல். போகும்போது ஃபைலும் நோட்டும் கையோடு. கேஷுவாலிட்டியில் இருக்கும் இளம் டாக்டருக்கு உங்கள் நோயாளியைத் தெரியாது. "கடைசி கீமோ எந்தத் தேதி, என்ன மருந்து, வேறென்ன சாப்பிட்டார்" என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வி.

11. கீமோ முடிந்த பிறகு

இங்கேதான் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மார்பகப் புற்றில் ஹார்மோன் மாத்திரை 5 ஆண்டு, சிலருக்கு 10 ஆண்டுவரை போகும். மஞ்சள் கேப்சூல் கேள்வி அந்த வருடங்கள் முழுக்க இருக்கிறது. நிணநீர்க் கட்டி எடுத்த பக்கத்துக் கையில் கப்பிங் (கிண்ணம் வைத்துத் தோலை உறிஞ்சுவது), ரத்தம் குத்தி எடுத்தல், இறுக்கிக் கட்டும் பட்டி எல்லாம் இனிமேலும் கூடாது. கை வீங்கினால் பிசியோதெரபிஸ்ட்டிடம் போங்கள்.

சித்த மருத்துவரிடம் நிதானமாகப் போக ஏற்ற காலமும் இதுதான். ரத்த அணுக்கள் சீராகி, எல்எஃப்டி சரியாக வந்த பிறகு, தூக்கத்துக்கோ வயிற்றுக்கோ மூட்டுக்கோ கேட்கலாம். அவர் எழுதிய சீட்டை மூன்று மாதச் செக்கப்பில் புற்றுநோய் டாக்டரிடம் காட்டி, அவர் கையெழுத்து விழுந்த பிறகு முதல் டப்பாவைத் திறக்கலாம்.